குடியரசைக் காத்தவர்கள்

ரோமக் குடியரசு எவ்வாறு வீழ்ந்தது என்ற கேள்விக்கு நம்மில் பெரும்பாலோர் விடை கற்றது ஷேக்ஸ்பியரிடம்தான். நம் கல்லூரிகளின் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்துக்கு நெடுங்காலமாகவே ஓர் இடம் இருந்து வந்திருக்கிறது. அதன் வழியாக நம் மனத்தில் பதிந்துபோன சித்திரம் ஒன்று உண்டு. ஒருபுறம் முடிசூட ஆசைப்பட்ட சீசர். மறுபுறம் நண்பனைவிட நாட்டைப் பெரிதென எண்ணிய புரூட்டஸ். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று பட்டிமன்றம் நடத்தினால் இன்றும் இரண்டு அணிகளுக்கும் ஆள் கிடைப்பார்கள்.

இந்தக் கேள்வியே பிழையானது என்பது நம் கருத்து. கி.மு. 44ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் சீசரைக் குத்தியவர்கள் காப்பதற்குக் குடியரசு என்று ஒன்று எஞ்சியிருக்கவில்லை. கி.மு. 49 ஜனவரியில் ரூபிகான் ஆற்றைக் கடந்த சீசர் கொல்வதற்கும் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. அதற்கு முந்தைய எண்பது ஆண்டுகளில், குடியரசைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களே அதன் உயிரைத் தவணை முறையில் வாங்கிவிட்டிருந்தார்கள். அவர்களுள் மிகச் சிறந்த எழுத்தாளர் ஒருவரும் இருந்தார் என்பதே இலக்கிய வாசகர்களாகிய நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம். அவர் மார்க்கஸ் துல்லியஸ் சிசரோ.

குடியரசு என்று ரோமானியர்கள் எதைச் சொன்னார்கள் என்பதை முதலில் பார்ப்போம். எழுதிவைத்த அரசியல் சாசனம் எதுவும் அவர்களிடம் இல்லை. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு கான்சல்கள்; ஒருவர் செயலை மற்றவர் தடுக்கலாம். டிரிப்யூன் எனப்பட்ட மக்கள் காப்பாளர்கள் பத்துப் பேர். அவர்கள் உடல்மீது கைவைப்பது தெய்வக் குற்றம். ஆபத்துக் காலத்தில் ஒரு சர்வாதிகாரியை நியமிக்கலாம். அவர் பதவியும் ஆறு மாதத்துக்குமேல் நீளக்கூடாது. இவற்றையெல்லாம் தாங்கி நின்றது முன்னோர் வழக்கம் என்று அவர்கள் அழைத்த ஒன்று. அதிகாரம் கையில் இருந்தபோதும் இன்னதைச் செய்யலாகாது என்ற கூச்சம் என்று அதைச் சொல்லலாம். சட்டத்தில் இருந்ததைவிட இந்தக் கூச்சத்தில்தான் ரோமக் குடியரசின் உயிர் அதிகமாக இருந்தது.

அது முதன்முதலாக வெளிப்படையாகக் கலைந்தது கி.மு. 133இல். அவ்வாண்டு டிரிப்யூனாக இருந்த திபேரியஸ் கிராக்கஸ், செல்வர்கள் வளைத்துப்போட்டிருந்த பொதுநிலத்துக்கு உச்சவரம்பு விதித்து, மிகுதியை நிலமற்ற குடிமக்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். உடன் டிரிப்யூனான ஆக்டேவியஸ் அதைத் தடுத்தபோது, மக்கள் வாக்கைக் கொண்டு அவரைப் பதவியிலிருந்தே இறக்கினார். அதற்கு முன்மாதிரி கிடையாது. மறு ஆண்டும் தாமே டிரிப்யூனாக நிற்க முனைந்தார். அதுவும் வழக்கத்துக்குப் புறம்பு. ஆகவே முதல் மீறல் கிராக்கஸுடையதுதான் என்று வாதிடுவோர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால் அந்த மீறலுக்குக் கிடைத்த மறுமொழியைக் கவனிக்க வேண்டும். செனட் கூடியிருக்கிறது. திபேரியஸை வன்முறையால் ஒடுக்குமாறு கான்சல் முக்கியஸ் ஸ்கேவோலாவை வற்புறுத்துகிறார்கள். விசாரணை இல்லாமல் எந்தக் குடிமகனையும் கொல்ல மாட்டேன் என்று அவர் மறுக்கிறார். உடனே தலைமைப் பூசகரான சிப்பியோ நாசிகா எழுந்து, கான்சல் நாட்டைக் கைவிட்டுவிட்டார், குடியரசு பிழைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் என்னைப் பின்தொடருங்கள் என்று அறைகூவி வெளியேறுகிறார். உடைந்த ஆசனங்களின் கால்களையும் தடிகளையும் கையில் ஏந்தி செனட்டர்கள் அவர் பின்னே போகிறார்கள். திபேரியஸும் அவரைச் சேர்ந்த முந்நூறு பேருக்கு மேற்பட்டோரும் அடித்தே கொல்லப்பட்டார்கள் என்கிறார் புளூட்டார்க். உடல்கள் இரவோடிரவாக டைபர் நதியில் வீசப்பட்டன. விசாரணையின்றிக் கொல்ல மாட்டேன் என்ற அந்தக் கான்சலும் பின்னாளில் நாசிகாவின் செயலை ஆதரித்துப் பேசினார் என்பதைச் சிசரோவே குறிப்பிடுகிறார். தனியொருவர் மறுத்து நிற்பது அரிது. மறுத்த நிலையிலேயே கடைசிவரை நிற்பது அதனினும் அரிது போலும்.

பத்தாண்டுகள் கழிந்து தம்பி கேயஸ் கிராக்கஸ் டிரிப்யூன் ஆனார். அண்ணனின் மரணத்தை நினைவில் வைத்து, கி.மு. 123இல் அவர் இயற்றிய சட்டங்களுள் ஒன்று நம் விவாதத்துக்கு மையமானது. மக்களின் தீர்ப்பு இல்லாமல் எந்த ரோமக் குடிமகனுக்கும் மரண தண்டனை விதிக்கக்கூடாது என்பது அச்சட்டம். இரண்டு ஆண்டுகளுக்குள் அச்சட்டத்தை இயற்றியவரே பலியானார். கி.மு. 121இல் செனட் புதுவகையான ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. குடியரசுக்குக் கேடு நேராமல் கான்சல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே அதன் சாரம். இறுதித் தீர்மானம் என்று பின்னர் பெயர்பெற்றது இதுதான். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த மௌனத்தையே அனுமதியாக எடுத்துக்கொண்டு கான்சல் ஒபிமியஸ் படையோடு இறங்கினார். மூவாயிரம் பேர் மாண்டார்கள் என்பது புளூட்டார்க் தரும் கணக்கு. மறு ஆண்டு ஒபிமியஸ்மீது வழக்கு வந்தது, விடுதலையானார்.

வெற்றியைக் கொண்டாட ஒபிமியஸ் செய்த காரியம் இன்னொன்று உண்டு. இணக்கத்தின் தெய்வமான கான்கார்டியாவுக்கு, ரோமின் பொதுமன்றத்தின் ஓரத்தில் இருந்த கோயிலைப் புதுப்பித்துக் கட்டினார். இந்தக் கோயிலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அடுத்து வந்த நாற்பது ஆண்டுகளின் கதை பலரும் அறிந்ததே. கி.மு. 107இல் மாரியஸ் சொத்தற்ற ஏழைகளைப் படையில் சேர்த்தார். போர் முடிந்தபின் நிலம் பெற்றுத் தருவார் என்று வீரர்கள் செனட்டை நம்பவில்லை, தளபதியை நம்பினார்கள். படை மெல்ல மெல்லத் தளபதியின் உடைமையாயிற்று. கி.மு. 88இல் மித்ரதாதஸ்மீதான போர்த்தலைமை தம்மிடமிருந்து பறிக்கப்பட்டபோது, சுல்லா ஆறு லெஜியன்களோடு ரோம் நகரத்தின்மீதே படையெடுத்தார். அவருடைய உயர் அதிகாரிகளுள் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அந்தப் பாவத்தில் பங்குகொள்ள மறுத்து விலகினார்கள். வீரர்கள் விலகவில்லை. ரூபிகான் என்ற பெயரை உச்சரிக்கும்போதெல்லாம் நாம் மறந்துவிடுவது இதைத்தான். சீசருக்கு முப்பத்தொன்பது ஆண்டுகள் முன்பே பாதை போடப்பட்டுவிட்டது.

கி.மு. 82இல் இரண்டாம் முறை நகரைப் பிடித்த சுல்லா, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களைப் பட்டியலிட்டுப் பொதுமன்றத்தில் ஒட்டினார். முதல் நாள் எண்பது பெயர்கள்; பிறகு இருநூற்றிருபது; மறுநாள் இன்னும் அத்தனை. தலையைக் கொண்டுவருவோருக்கு இரண்டு டாலண்ட் வெள்ளி பரிசு. பட்டியலில் உள்ளவர்களின் சொத்து பறிமுதல்; அவர்களுடைய மகன்களுக்கும் பேரன்களுக்கும் பதவி கிடையாது. இவ்வளவையும் செய்தவர் வைத்துக்கொண்ட பதவியின் பெயர் சட்டங்களை இயற்றவும் குடியரசை நிலைநிறுத்தவும் நியமிக்கப்பட்ட சர்வாதிகாரி என்பது. வேலை முடிந்ததும் பதவியைத் துறந்து போனார் என்பதற்காக அவரை மெச்சுகிறவர்கள் இன்றும் உண்டு. துறந்தது பதவியை மட்டும்தான். அவர் காட்டிவிட்டுப் போன வழி எல்லோருக்கும் பொதுச்சொத்தாயிற்று.

இங்கேதான் சிசரோ வருகிறார். அர்ப்பினம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். முன்னோர் எவரும் கான்சல் பதவி வகிக்காத புதுமனிதர். கி.மு. 80இல், இருபத்தாறு வயதில் அவர் எடுத்துக்கொண்ட வழக்கு செக்ஸ்டஸ் ரோசியஸ் என்பவருடையது. ரோசியஸின் தந்தை கொல்லப்பட்ட பிறகு, அவர் பெயர் பட்டியலில் சேர்க்கப்பட்டு, சொத்து சுல்லாவின் செல்வாக்குமிக்க ஆள் கிரிசோகோனஸ் கையில் போயிருந்தது. போதாக்குறைக்குத் தந்தையைக் கொன்ற குற்றம் மகன்மீதே சுமத்தப்பட்டது. சுல்லா உயிரோடு இருக்கும்போதே அவருடைய ஆளின் பெயரைச் சொல்லி வாதாடி, இளைஞர் சிசரோ வென்றார். சட்டம் ஒதுங்கிக்கொள்ளும் இடத்தில் என்ன முளைக்கும் என்பதை அவரைவிட நெருக்கமாக அறிந்தவர் அந்தத் தலைமுறையில் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. அதனால்தான் கி.மு. 63இல் அவர் செய்தது நம்மை அத்தனை உறுத்துகிறது.

அவ்வாண்டு அவர் கான்சல். தேர்தலில் தோற்றுக் கடனில் மூழ்கியிருந்த கேட்டிலைன் என்னும் உயர்குடியாளர் கிளர்ச்சிக்கு ஆள் சேர்த்தார். எத்ருரியாவில் மேன்லியஸ் என்பவரின் தலைமையில் ஆயுதம் தாங்கிய கூட்டமும் இருந்தது. அக்டோபரில் செனட் இறுதித் தீர்மானத்தை நிறைவேற்றியது. நவம்பரில் கேட்டிலைன் நகரைவிட்டு வெளியேறினார். டிசம்பர் 3ஆம் நாள், நகருக்குள் இருந்த அவருடைய கூட்டாளிகள் கால் நாட்டு அல்லோப்ரோகியத் தூதர்களிடம் கொடுத்தனுப்பிய கடிதங்களோடு பிடிபட்டார்கள். முத்திரைகளைத் தம்முடையவை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். குற்றத்தில் ஐயமில்லை. தண்டனை விதிக்கும் உரிமை யாருக்கு என்பதே கேள்வி.

டிசம்பர் 5ஆம் நாள் செனட் கூடியது கான்கார்டியாவின் கோயிலில். கேயஸ் கிராக்கஸைக் கொன்ற ஒபிமியஸ் கட்டிய அதே கோயில். கேயஸ் இயற்றிய சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. அக்கோயிலில் அமர்ந்து, அச்சட்டம் தடுத்த ஒன்றைச் செய்யலாமா என்று விவாதித்தார்கள். இளைஞர் சீசர் எழுந்து, குற்றவாளிகளை இத்தாலியின் ஊர்களில் சிறைவைத்துச் சொத்துகளைப் பறிமுதல் செய்யலாம் என்றார். நல்ல நோக்கத்தோடு தொடங்கும் முன்மாதிரிகள் பின்னர் தகாதவர் கைக்குப் போகும் என்பது அவர் வாதத்தின் சாரம். சுல்லாவின் காலத்தையே அதற்குச் சான்று காட்டினார். கேட்டோ எழுந்து மரண தண்டனையை வற்புறுத்தினார். கேட்டோவின் பேச்சே வென்றது. அன்று மாலையே முன்னாள் கான்சலும் அவ்வாண்டின் பிரீட்டருமான லெண்டுலஸ் உள்ளிட்ட ஐவரும் நிலவறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்கள். சிசரோ வெளியே வந்து, அவர்கள் வாழ்ந்து முடித்துவிட்டார்கள் என்று பொருள்தரும் ஒற்றைச் சொல்லைக் கூட்டத்துக்குச் சொன்னார். வீட்டு வாசல்களில் விளக்கேற்றி மக்கள் அவரை வழியனுப்பினார்கள். நாட்டின் தந்தை என்ற பட்டமும் கிடைத்தது.

இந்த உரைகளை நமக்குத் தருபவர் வரலாற்றாசிரியர் சலஸ்ட். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதியவர். ஆகவே சொற்கள் அவருடையவையாக இருக்கலாம். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். விதிவிலக்கான அதிகாரத்துக்கு எதிராக ரோம இலக்கியத்தில் நாம் காணும் மிக வலுவான வாதம், பின்னாளில் வாழ்நாள் சர்வாதிகாரியான மனிதரின் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது. அதை எதிர்த்து வாதிட்டவரோ குடியரசுக்காக உயிர்விட்டவர் என்று போற்றப்படும் கேட்டோ. நல்லவர் இவர், தீயவர் இவர் என்று முதலிலேயே முடிவுகட்டி வைத்துக்கொண்டு வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இந்த ஓர் இடமே போதிய எச்சரிக்கை.

ஆபத்து மெய்யானதுதானே என்று கேட்கலாம். மெய்யானதுதான். கேட்டிலைனின் படை மறு ஆண்டுத் தொடக்கத்தில் பிஸ்டோரியாவில் போரிட்டே அழிந்தது. கேட்டிலைனைப் பின்னாளில் ஏழைகளின் புரட்சியாளராக வரைந்தவர்களோடு நாமும் உடன்படவில்லை. ஆனால் களத்தில் நின்ற படையைக் களத்தில் எதிர்கொண்டார்கள். அதில் சட்ட மீறல் எதுவுமில்லை. காவலில் இருந்த ஐவரின் நிலை வேறு. அவர்களை மீட்க ஆட்கள் திரளக்கூடும் என்ற அச்சம் இருந்தது. அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. அச்சம் ஒரு காரணம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டால் அஞ்சாத அரசு என்று உலகில் எது இருக்கிறது? நாட்டின் பகைவனான பிறகு ஒருவன் குடிமகனே அல்லன், ஆகவே குடிமகனைக் காக்கும் சட்டம் அவனுக்குப் பொருந்தாது என்று சிசரோ வாதிட்டார். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. எவன் பகைவன் என்று தீர்ப்பதற்காகத்தான் விசாரணை என்ற ஒன்றே இருக்கிறது என்பதை அந்த வாதம் மறைத்துவிடுகிறது.

இதை மறைக்கப் பேராற்றல் வாய்ந்த ஒரு நடை தேவைப்பட்டது. சிசரோவிடம் அது இருந்தது. கேட்டிலைனுக்கு எதிரான நான்கு உரைகளையும் அவர் வெளியிட ஏற்பாடு செய்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, கி.மு. 60இல். நாம் இன்று படிப்பது மன்றத்தில் பேசிய சொற்களா, பழிக்கு அஞ்சிய ஒருவர் பின்னர் செப்பனிட்ட சொற்களா என்ற ஐயம் அறிஞர்களிடையே உண்டு. தம் கான்சல் பதவிக்காலத்தைப் பற்றித் தாமே மூன்று காண்டங்களில் காவியம் பாடினார். கி.மு. 56இல் லுக்கேயஸ் என்னும் எழுத்தாளருக்குக் கடிதம் எழுதி, அந்நிகழ்ச்சிகளை வரலாறாக எழுதும்போது உண்மை அனுமதிப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தம்மைப் புகழுமாறு கேட்டுக்கொண்டார். செய்தது முற்றிலும் சரி என்று உள்ளூர நம்பும் மனிதருக்கு இத்தனை சாட்சிகள் தேவைப்படுமா?

விளைவுகள் தாமதமின்றி வந்தன. கி.மு. 58இல் டிரிப்யூனான குளோடியஸ், விசாரணையின்றிக் குடிமகனைக் கொன்றவர்க்கு நாடுகடத்தல் என்று சட்டம் கொண்டுவந்தார். சிசரோ நகரைவிட்டு வெளியேறினார். அவருடைய வீடு இடிக்கப்பட்டு, அந்த மனையில் சுதந்திர தேவிக்குக் கோயில் எழுந்தது. குளோடியஸ் நல்ல நோக்கத்தோடு செய்தார் என்று சொல்ல மாட்டோம். அவர் அடியாட்களைக் கொண்டு தெருவை ஆண்ட மனிதர். அவரைப் போன்ற ஒருவர் கையில் நியாயமான ஆயுதம் ஒன்றைக் கொடுத்தது யார் என்பதே நம் கேள்வி. மறு ஆண்டு சிசரோ ஊர்வலமாகத் திரும்பினார். கி.மு. 52 ஜனவரியில் குளோடியஸை மைலோவின் ஆட்கள் அப்பியன் நெடுஞ்சாலையில் கொன்றார்கள். செனட் மண்டபமே அவருக்குச் சிதையாகி எரிந்தது. ஒழுங்கை நிலைநாட்ட, சக கான்சல் இல்லாமல் பாம்பி ஒருவரை மட்டும் கான்சலாக்கினார்கள். அதை ஆதரித்தவர் யார்? முன்னோர் வழக்கத்தின் காவலராகிய கேட்டோ.

கி.மு. 50 டிசம்பரில் சீசரும் பாம்பியும் ஒருசேரப் படைத்தலைமையைத் துறக்க வேண்டும் என்று டிரிப்யூன் கியூரியோ செனட்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 370, எதிர்ப்பு 22. உள்நாட்டுப் போரை விரும்பாதவர்கள் எத்தனை பேர் என்பதற்கு வரலாற்றில் இதைவிடத் தெளிவான கணக்கு கிடைப்பது கடினம். கான்சல் மார்செல்லஸ் அவையைக் கலைத்தார். பாம்பியிடம் போய்க் குடியரசைக் காக்குமாறு வாளை ஒப்படைத்தார். ஜனவரி 7ஆம் நாள் மீண்டும் இறுதித் தீர்மானம். டிரிப்யூன்களான ஆண்டனியும் காசியஸ் லாஞ்சினஸும் நகரிலிருந்து தப்பிச் சீசரிடம் போனார்கள். ஒரு லெஜியனோடு ஆற்றைக் கடந்த சீசர், சிறு குழுவின் பிடியிலிருந்து ரோம மக்களை விடுவிக்கவே வருவதாகச் சொன்னார். அவர் சொன்னதை யார் மறுக்க முடியும்? மறுத்தவர்கள் எல்லோருமே அதே மொழியைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

புரூட்டஸைப் பற்றியும் இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். சைப்ரஸ் தீவின் சலாமிஸ் நகரத்தாருக்கு அவருடைய ஆட்கள் வழியாகக் கொடுக்கப்பட்ட கடனுக்கு வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 48. அதை வசூலிக்கக் குதிரைப்படையோடு போன ஸ்காப்டியஸ், நகர மன்றத்தை முற்றுகையிட்டதில் ஐந்து உறுப்பினர்கள் பட்டினியால் மாண்டார்கள். கி.மு. 51இல் அந்த மாகாணத்துக்கு ஆளுநராகப் போன சிசரோ குதிரைப்படையைத் திருப்பி அழைத்தார். தாம் அறிவித்திருந்த 12 விழுக்காட்டு வட்டியே செல்லும் என்றார். ஆயினும் கடைசித் தீர்ப்பைச் சொல்லாமல் விட்டுவிட்டு வந்தார். இரண்டாவது செய்தி, சீசரைக் கொன்றபின் புரூட்டஸ் அச்சிட்ட வெள்ளிக்காசு. ஒரு பக்கம் இரண்டு குறுவாள்கள், நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி, கீழே மார்ச் 15 என்னும் நாள். மறுபக்கம் புரூட்டஸின் சொந்த முகம். உயிரோடிருக்கும்போதே தம் முகத்தைக் காசில் பொறித்தார் என்பது சீசர்மீது சொல்லப்பட்ட குறைகளுள் ஒன்று.

சீசர் இறந்தபின் சிசரோவுக்கு இன்னொரு வாய்ப்பு வந்தது. ஆண்டனிக்கு எதிராகப் பதினான்கு உரைகள் இயற்றினார். அறுபத்துமூன்று வயதில் அவர் காட்டிய அந்தத் துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர் தேர்ந்த ஆயுதம் எது? பத்தொன்பது வயதில் சொந்தப் பணத்தில், எந்த அதிகாரமும் இல்லாமல் படை திரட்டியிருந்த ஆக்டேவியன். அந்தச் சட்டவிரோதப் படைக்குச் சட்டத்தின் முத்திரை வாங்கிக்கொடுத்தது சிசரோவின் நா. ஓராண்டுக்குள் அந்த இளைஞர் ஆண்டனியோடும் லெபிடஸோடும் கைகோத்தார். கி.மு. 43 நவம்பரில் அம்மூவரும் சட்டப்படி ஏற்ற பதவியின் பெயர், குடியரசை நிலைநிறுத்துவதற்கான மூவர் என்பது. சுல்லாவின் பட்டியல் திரும்ப வந்தது. அதில் சிசரோவின் பெயரும் இருந்தது. டிசம்பர் 7ஆம் நாள் அவர் கொல்லப்பட்டார். தலையும் எழுதிய கையும் வெட்டப்பட்டு, அவர் எத்தனையோ முறை நின்று பேசிய மேடையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. விசாரணை இல்லை.

இதைத் தெய்வத்தின் கணக்குத் தீர்ப்பு என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படிச் சொல்வது கொடூரமானது, பொய்யும்கூட. கொன்றவர்களின் குற்றம் கொன்றவர்களுடையதே. ஆயினும் கி.மு. 63இல் ஐவருக்காக விலக்கிவைக்கப்பட்ட சட்டம், இருபதாண்டுகள் கழித்துத் தமக்குத் தேவைப்பட்டபோது சிசரோவுக்குக் கிடைக்கவில்லை.

மிச்சக் கதை சுருக்கமானது. கி.மு. 27இல் ஆக்டேவியன் குடியரசைச் செனட்டிடமே திருப்பித் தந்துவிட்டதாக அறிவித்து, அகஸ்டஸ் என்ற பெயரைப் பெற்றார். கான்சல்கள் இருந்தார்கள், டிரிப்யூன்கள் இருந்தார்கள், செனட் கூடியது. எல்லாப் பெயர்களும் அப்படியே இருந்தன. நம் கொங்கு நாட்டில், கரூர், கோவை வட்டாரங்களில் கிடைத்திருக்கும் ரோம வெள்ளிக்காசுகளில் மிகுதியானவை இந்த அகஸ்டஸும் அவருக்குப் பின்வந்த டைபீரியஸும் வெளியிட்டவை. மிளகுக்கு விலையாக இங்கே வந்து சேர்ந்தது, குடியரசைக் காத்து முடித்தவர்களின் முகம்.

குடியரசு விழுந்ததற்கு அமைப்புசார்ந்த காரணங்கள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஒரு நகரத்துக்கென்று உண்டான ஆட்சிமுறை மத்தியதரைக்கடல் முழுவதையும் ஆள முற்பட்டது. நிலமிழந்த உழவர்கள் படைவீரர்களானார்கள். வெற்றிகொண்ட நாடுகளின் செல்வம் தேர்தலைச் சந்தையாக்கியது. சீசரை வரலாற்றின் தேவையாகக் கண்டு சிசரோவை எள்ளி நகையாடினார் மாம்சென். தம் ரோம வரலாற்று நூலுக்காக 1902இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றவர் அவர். 1939இல், ஐரோப்பாவில் சர்வாதிகாரிகள் கோலோச்சிய நாட்களில் எழுதிய ரொனால்ட் சைம், அகஸ்டஸின் ஆட்சியை ஒரு கட்சி அதிகாரத்தைக் கைப்பற்றிய கதையாகவே கண்டார். எரிக் குருவன் 1974இல், குடியரசு கடைசிவரை இயங்கிக்கொண்டுதான் இருந்தது, உள்நாட்டுப் போரே அதைக் கொன்றது என்று வாதிட்டார். மூவரும் பெரியவர்கள். அமைப்பின் நெருக்கடி மனிதர்களைத் தள்ளியது என்பது சரி. தள்ளப்பட்ட ஒவ்வொரு கட்டத்திலும் 'இந்த ஒருமுறை மட்டும்' என்று சொல்லச் சிலர் முன்வந்தார்கள் என்பதும் அதே அளவு சரி. ஒவ்வொரு முறையும் அது கடைசி முறையாக இருக்கவில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன? நம்மில் பலர் சொல்லை நம்பி வாழ்கிறவர்கள். நல்ல நடை நல்ல மனத்தின் அடையாளம் என்றோர் எண்ணம் நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. சிசரோவின் வாழ்க்கை அதை மறுக்கிறது. அவர் காலத்தில் லத்தீன் உரைநடையை அவரளவுக்கு வளைத்தவர் எவருமில்லை. அந்த நடையைக் கொண்டுதான் சட்டம் ஒதுங்கிக்கொண்ட இடத்தை அவர் பூசி மெழுகினார். சீசரின் கால் நாட்டுப் போர்க்குறிப்புகளும் அப்படியே. தம்மையே படர்க்கையில் வைத்து, ஆரவாரமே இல்லாத தெளிந்த நடையில் எழுதப்பட்டவை. அந்தத் தெளிவின் அடியில் அழிந்த ஊர்களும் அடிமைச் சந்தைக்குப் போன மக்களும் இருக்கிறார்கள். ஆடம்பர நடை ஏமாற்றும், எளிய நடை ஏமாற்றாது என்று நம்புவோருக்கு அந்நூல் நல்ல மருந்து.

ஆயினும் சிசரோ நமக்கு விட்டுச்சென்ற இன்னொரு எழுத்து உண்டு. நண்பர் அட்டிக்கஸுக்கும் பிறருக்கும் எழுதிய கடிதங்கள். வெளியிடும் எண்ணமின்றி எழுதப்பட்டவை அவற்றுள் பல. போர் மூண்ட கி.மு. 49இன் கடிதங்களில், சீசர், பாம்பி இருவருமே ஆளத்தான் விரும்புகிறார்கள் என்று எழுதுகிறார். தம் கட்சித் தலைவர் பாம்பியின் மனநிலையைச் சொல்ல, சுல்லாவைப் போல் நடந்துகொள்ள ஏங்குதல் என்று பொருள்படும் ஒரு வினைச்சொல்லையே புதிதாக ஆக்கிக்கொள்கிறார். மேடையில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. மேடையில் பாம்பி குடியரசின் காவலர். கடிதத்தில் அடுத்த சுல்லா. சிசரோவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்ல அவரிடம் மொழியும் இருந்தது. சொல்ல வேண்டிய அவையில் சொல்லவில்லை.

நாம் சிசரோவை ஒதுக்கச் சொல்லவில்லை. உரைகளையும் கடிதங்களையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்கிறோம். நாட்டைக் காக்க, மொழியைக் காக்க, மரபைக் காக்க என்று தொடங்கும் எந்த உரையைக் கேட்டாலும், அதில் யாருக்கு விசாரணை மறுக்கப்படுகிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் அப்போது வரும். கான்கார்டியா கோயிலில் அன்று இருந்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள். அவர்களுள் பலர் அழகாகவும் பேசினார்கள்.